குடும்பத்தில் நிற்கும் 1966 ஜிடிஓ: வீட்டு கராஜில் சீரமைக்கும் வரிசை

வீட்டு கராஜில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பழைய கார்களெல்லாம் ஒரே ஜாடைதான். எஞ்சின் ஒரு மூலையில், கதவுகள் சுவரோரம், நட்டு போல்ட்டெல்லாம் பெயரெழுதாத காபி டப்பாவில். பெரும்பாலும் கைத்திறன் போதாமல் நின்ற வேலையல்ல அது, வரிசை தப்பி நின்ற வேலை. முதல் வாரத்து வேகத்தில் மொத்தத்தையும் கழற்றிவிட்டு, மூன்றாம் மாதம் எது எங்கே போகும் என்று விழிப்பார்கள். பிரேக் முதலில், அடுத்து துரு, அடுத்து எஞ்சின், பெயின்ட் கடைசி. கீழே சொல்லப்படுவதெல்லாம் இந்த வரிசையில்தான்.

எடுத்துக்கொண்ட வண்டி 1966 போன்டியாக் ஜிடிஓ. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத் தானே போட்டிருந்த விதியை, 1964இல் ஜான் டிலோரியன் தலைமையிலான பொறியாளர்கள் தாண்டிய விதம் வேடிக்கையானது. ஜிடிஓவைத் தனி மாடல் என்று சொல்லாமல், டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதி என்று பட்டியலில் நுழைத்து, 389 கன அங்குல வி8ஐ உள்ளே வைத்துவிட்டார்கள். 1966இல் அது தனி மாடலாகி 96,946 விற்றது. அதன் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆண்டு அது. அமெரிக்கக் குடும்பங்களின் கராஜ்களில் இன்றும் போர்வைக்குள் தூங்கும் ஜிடிஓக்களில் இந்த ஆண்டு வண்டிக்குப் பஞ்சமில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் சகோதரக் கார்களான செவல், கட்லஸ், ஸ்கைலார்க் வைத்திருப்பவர்களுக்கும் பாடி வேலை ஏறக்குறைய இதுதான். எஞ்சின் எண்கள் மட்டும் வேறு.

காகிதமும் தகடும்

ஸ்பேனரைத் தொடுமுன் வண்டி என்ன வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தூணில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் எண் 242 என்று தொடங்கினால் அது பிறப்பிலேயே ஜிடிஓ. அடுத்த இரண்டு இலக்கம் பாடி: 07 என்றால் நடுத்தூண் உள்ள கூப்பே, 17 என்றால் ஹார்ட்டாப், 67 என்றால் மேல் மடியும் கன்வெர்ட்டிபிள். அதற்கடுத்து நிற்கும் 6 என்ற இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அதன்பின் வரும் எழுத்து தொழிற்சாலை, 'பி' என்றால் மிச்சிகனின் போன்டியாக் நகரம். இந்தத் தகட்டை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். பெயின்டுக்காகக் கழற்றியது என்று சொன்னாலும் சட்டம் கேட்காது, வாங்குபவரும் நம்பமாட்டார்.

பானட்டைத் திறந்தால், எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில் இன்னொரு தகடு தெரியும். பெயின்ட் நிறம், சீட் துணி, எந்த மாதம் எத்தனையாவது வாரம் கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் குறியீடாக இருக்கும். எஞ்சின் பிளாக்கின் முன்முகத்தில், பயணி பக்க ஹெட்டுக்குக் கீழே இரண்டெழுத்துக் குறி வெட்டியிருப்பார்கள். 'டபிள்யூ.டி.' என்றால் நான்கு பேரல் கார்புரேட்டரும் மேனுவல் கியரும் கொண்ட 335 குதிரைத்திறன் எஞ்சின், 'ஒய்.எஸ்.' என்றால் அதுவே ஆட்டோமேட்டிக்குக்கு. 'டபிள்யூ.எஸ்.' இருந்தால் மூன்று கார்புரேட்டர் கொண்ட 360 குதிரைத்திறன் டிரை-பவர். அப்படியானால் எதையும் மாற்றுமுன் இரண்டு முறை யோசியுங்கள். கதவுத் தூண் தகட்டிலுள்ள வண்டி அடையாள எண்ணை (வின்) எஞ்சினிலும் வெட்டும் வழக்கம் 1968இல்தான் வந்தது. ஆகவே 1966 பிளாக்கில் அதைத் தேடி ஏமாற வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வார்ப்புத் தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசி இலக்கம் ஆண்டு. அது காரின் கட்டுமானத் தேதிக்குச் சில வாரங்கள் முந்தியிருந்தால் கணக்கு பொருந்துகிறது.

தொழிற்சாலையிலிருந்து எந்தெந்த வசதியோடு வண்டி வெளியேறியது என்ற பழைய பில் நகலை போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தருகிறது. கட்டணம் கட்டி வாங்கிவிடுங்கள். உரிமைப் பத்திரம் தாத்தா பெயரிலேயே இருந்தால், அவர் காலமாகியிருந்தால், பெயர் மாற்றும் வழி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த வேலையை இப்போதே முடியுங்கள். இரண்டு ஆண்டு உழைப்பைக் கொட்டிய பிறகு பங்காளிகள் நடுவே பேச வேண்டிய விஷயமல்ல அது.

கழற்றும் ஒழுங்கு

ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் மூன்று கோணத்தில் படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகள் ஜிப் பைக்குள். பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு மேலும் எழுத்து. எண்ணெய் பட்டால் மேலெழுத்து அழிந்துவிடும், உள்ளே உள்ள சீட்டு தப்பும். கதவுக் கீல், பானட் கீல், கீழே அடைத்த ஷிம் தகடுகள் இவற்றுக்கு, எந்தப் பக்கம், எத்தனை, எந்தத் தடிமன் என்று குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி சரிசெய்யும்போது இந்தக் குறிப்பு மாதக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும். உடைந்த பழைய பாகத்தைப் புதியது வந்து பொருந்தும்வரை குப்பையில் போடாதீர்கள். மறுதயாரிப்புப் பாகங்களில் ஓட்டைகள் இடம் மாறியிருப்பது சர்வசாதாரணம். ஒப்பிட்டுப் பார்க்க அசல் கையில் வேண்டும்.

பாடியை ஷாஸியிலிருந்து தூக்கலாமா? ஷாஸி ஓட்டை விழாதவரை தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. தூக்கினால் வேலை இரட்டிப்பாகும், இடமும் இரட்டிப்பாக வேண்டும். பாடி மவுன்ட் ரப்பர்களை ஒரு பக்கம் தளர்த்தி, மறுபக்கம் லேசாக ஜாக்கியில் உயர்த்தியே மாற்றிவிடலாம். அந்த போல்ட்டுகளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துருநீக்கி எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் பாடிக்குள் கூண்டில் இருக்கும் நட்டு சுழலத் தொடங்கும். பிறகு தரைத் தகரத்தை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும்.

அடியில் நான்கு ஜாக் ஸ்டாண்ட், தலா 3 டன் தாங்குவது. ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும் பொருள் அது.

பிரேக்

1966 ஜிடிஓவில், பெடல் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது. எங்கே ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இல் போன்டியாக்கே இரட்டை அறைக்கு மாறியது. அசல் தன்மை பற்றி எவ்வளவு பிடிவாதம் இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது நான்கும் டிரம் பிரேக் கொண்ட வண்டிக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். முன்பக்கம் டிஸ்க் உள்ள வண்டிக்கான மாஸ்டரைப் போட்டால் டிரம்முக்குத் தேவையான மிச்ச அழுத்தம் நிற்காது, ஒவ்வொரு முறையும் பெடல் பாதி தூரம் போய்த்தான் பிடிக்கும்.

பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசி ஊதும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். 9.5 அங்குல டிரம் தேய்ந்து 9.560ஐத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். சக்கர சிலிண்டர்களைப் புதிதாகவே வாங்குங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் லைனிங் குட்டையாக உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இரும்புக் குழாய்கள், மூன்று ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அப்போது பிரேக் பிடிக்கும், விடாது. மாஸ்டரை மேசையிலேயே காற்று நீக்கிவிட்டு மாட்டுங்கள். பிறகு பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்ற வரிசையில் டாட் 3 திரவம் ஓட்டிக் காற்றை எடுங்கள்.

துரு

ஆட்களின் பணமும் பொறுமையும் கரையும் இடம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் துரு பெரும்பாலும் விளைவு, காரணம் வேறெங்கோ இருக்கும். டிக்கியின் தரை ஓட்டையாக இருந்தால் முதலில் பின்கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிய குரோம் பட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கி, கீழ்ப் பள்ளம் அரித்து, அங்கிருந்து டிக்கிக்குள் சொட்டுகிறது. தரையைப் புதிதாக வெல்டிங் செய்து பள்ளத்தை விட்டுவிட்டால் சில மழைக்காலத்தில் மீண்டும் ஓட்டை. மேலே வினைல் ஒட்டிய வண்டியில் இது இன்னும் மோசம்.

அதேபோல் பயணி காலடியில் ஈரம் இருந்தால், விண்ட்ஷீல்டுக்கு முன்னுள்ள காற்றுத் துளைக்குள் அறுபது ஆண்டு இலைச் சருகு அடைத்திருக்கிறது என்று பொருள். குழாய்த் தண்ணீரை மெதுவாக அதற்குள் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு படுத்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கட்டும். முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, பின் பக்கவாட்டுத் தகரமான குவார்ட்டரில் சக்கரத்துக்குப் பின்னுள்ள பகுதி, டிக்கித் தரையின் இரு பக்கச் சரிவுகள் ஆகியவற்றில் சேறு தேங்கி உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். பெயின்டில் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே தகரம் ஏற்கெனவே காகிதம். ஷாஸியை, குறிப்பாகப் பின் அச்சுக்கு மேல் வளையும் இடத்தையும் பின் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடத்தையும், கூர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் சுரண்டிப் பாருங்கள்.

காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் புட்டி இருக்கிறது. முந்தைய தலைமுறை டிங்கர் வேலையின் கைவண்ணம்.

தரைத் தகரம் வெட்டுமுன், கார் தன் சக்கரத்தில் அல்லது அச்சுகளுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டில், சமதளத்தில், தன் எடையோடு நிற்க வேண்டும். கதவு மூடிய நிலையில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். கதவைக் கழற்றினால் வாசலின் குறுக்கே சதுரக் குழாய் வைத்து இரண்டு கோணத்தில் தற்காலிக வெல்டிங் போடுங்கள். கன்வெர்ட்டிபிளில் இது கட்டாயம், தாங்க மேற்கூரை இல்லை. இதைச் செய்யாமல் இரு பக்கத் தரையையும் ஒரே நாளில் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். அழகாக வெல்டிங் முடித்த பிறகு கதவு மூடாது. ஒரு பக்கம் வெட்டி, ஒட்டி முடித்த பிறகே மறுபக்கம்.

வீட்டுக்கு மிக் வெல்டிங் மெஷின் போதும். 0.023 அங்குலக் கம்பி, 75 பங்கு ஆர்கான் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு வாயு. தரைத் தகரம் 18 முதல் 20 கேஜ்தான். கோடு போட்டாற்போல் தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் சுருங்கி அலையலையாக நெளியும். ஓர் அங்குலத்துக்கு ஒரு பொட்டு வைத்து, அடுத்த பொட்டை ஓர் அடி தள்ளி வையுங்கள். தொட்டுப் பார்த்தால் கை சுடாத நிலைக்கு வந்த பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் இருந்த இடத்தில் மேல் தகரத்தில் 5/16 அங்குல ஓட்டை போட்டு அதை நிரப்பினால் அசல் போலவே இருக்கும். பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கும்போது டிக்கிப் பக்கம் வெல்டிங் கூடவே கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி நிற்கும். பேட்டரியையும் கழற்றி வையுங்கள்.

குவார்ட்டரும் மேற்கூரையும் சேரும் இடத்தில் தொழிற்சாலையே ஈயம் ஊற்றி நிரப்பியிருக்கும். அங்கே கிரைண்டர் வைத்தால் ஈயத்தூசி பறக்கும், டார்ச் வைத்தால் ஈயப்புகை. பழைய பெயின்டிலும் ஈயம் உண்டு. முகத்துக்குப் பி100 வடிகட்டி கொண்ட மாஸ்க், வேலை உடையோடு வீட்டுக்குள் போகாத பழக்கம், குழந்தைகள் கராஜுக்குள் வராத ஏற்பாடு மூன்றும் வேண்டும்.

மணல் அடித்துச் சுத்தம் செய்வது ஷாஸிக்கும் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் சரி. பானட், கதவு, மேற்கூரை போன்ற அகலத் தகரத்தில் அடித்தால் நெளிந்துவிடும், அந்த நெளிவை எந்த டிங்கராலும் முழுதாக எடுக்க முடியாது. அங்கே ரசாயன நீக்கியும் 80 எண் உப்புத்தாளும்தான். வெற்றுத் தகரம் தெரிந்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். வியர்வைக் கை பட்ட இடம்கூட மறுநாள் செந்நிறமாகும்.

எஞ்சின்

நெடுநாள் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் லேசான எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் முன் போல்ட்டில் நீண்ட கைப்பிடி மாட்டி, முன்னிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் போனால்தான் ஸ்டார்ட்டர். போகாவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், வால்வு வளையும்.

ஆயில் பேனைக் கழற்றி அடியைப் பாருங்கள். வெளுத்த பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் டைமிங் கியரின் கதை முடிந்தது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமைச் சுற்றும் போன்டியாக் கியரின் பற்கள் நைலான் பூசியவை. வயதில் நொறுங்கி எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும், செயின் தாவும். ஓடுகிற எஞ்சினாக இருந்தாலும் இதை முழு இரும்புக் கியராக மாற்றுங்கள். கம்ப்ரெஷன் சோதனையில் மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் முழுதாகப் பிரிப்பதே சரி.

தூக்கும்போது நினைவிருக்கட்டும், எடை ஏறக்குறைய 650 பவுண்டு. 2 டன் திறனுள்ள தூக்கும் கருவியும், 1,000 பவுண்டு தாங்கும் நான்கு கால் ஸ்டாண்டும் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாதவை: சிலிண்டர் ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட்டில் வால்வு சீட் வேலை, பேலன்சிங். போன்டியாக் தெரிந்த மெஷின் ஷாப்பில் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயத்தைப் பேசி முடியுங்கள். ஒன்று, அசல் கம்ப்ரெஷன் 10.75க்கு 1. அந்தக் காலத்து ஈயப் பெட்ரோலுக்கு வைத்த கணக்கு அது. இன்றைய 91, 93 ஆக்டேனில் ஏற்றத்தில் தட்டும், தட்டல் பிஸ்டனை உடைக்கும். குழிந்த தலை கொண்ட பிஸ்டன் போட்டு 9.3 அருகே இறக்கினால் பம்ப் பெட்ரோலில் நிம்மதியாக ஓடும். தெருவில் அந்த வித்தியாசம் உங்களுக்கு உறைக்காது. இரண்டு, அசல் கனெக்டிங் ராடுகள் வார்ப்பு. இந்த எஞ்சினின் பலவீனமே அதுதான். பிரிப்பதென்று ஆனபின் ஃபோர்ஜ்டு ராடு போடாமல் மூடுவது பொய்ச் சிக்கனம்.

திரும்பப் பூட்டும் எண்கள், அடி-பவுண்டில், இழைகளில் எண்ணெய் தடவிய நிலையில்: மெயின் கேப் 100, பின் மெயின் மட்டும் 120, அசல் ராடு நட்டு 43, ஹெட் 95, இன்டேக் 40, ராக்கர் நட்டு 20, கிராங்க் முன் போல்ட் 160. புதிய ராடு போட்டால் அதன் போல்ட்டோடு வரும் எண்ணையே பின்பற்றுங்கள். ஹெட்டை ஒரே மூச்சில் 95க்கு முறுக்காமல் 40, 70, 95 என்று மூன்று சுற்றில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. பிஸ்டன் ரிங் இடைவெளிக்குப் பொதுக்கணக்கு சிலிண்டர் துளை விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.004 அங்குலம், அசல் 4.0625 அங்குலத் துளைக்கு 0.016 வரும். ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றும்போதே எண்ணி எழுதி வையுங்கள். ஒன்றை மறந்து மூடினால் பிரஷரே வராது, எஞ்சினைத் திரும்ப இறக்கத்தான் வேண்டும்.

போன்டியாக்குக்கே உரிய சில பொறிகள் உண்டு. முன்னுள்ள டைமிங் கவர் அலுமினியம், அதனுள்ளே கூலன்ட் ஓடுகிறது. அரித்துக் குழிவிழுந்த கவரைப் பசை தடவி மாட்டினால் தண்ணீர் ஆயில் பேனுக்குள் இறங்கும், பேரிங் போகும். வாட்டர் பம்புக்குப் பின்னுள்ள பிரிப்புத் தகடு இம்பெல்லரை உரசாமல், ஆனால் மிக நெருங்கி இருக்க வேண்டும். புதுப் பம்பு வாங்கி மாட்டிய பிறகு "ரேடியேட்டர் மாற்றியும் சூடாகிறது" என்று புலம்புபவர்கள் பலர் இந்த இடைவெளியைப் பார்த்திருக்கமாட்டார்கள். இன்டேக் மேனிஃபோல்டின் முன்னே டைமிங் கவரோடு சேர்க்கும் ஒரு நீள போல்ட் இருக்கிறது, நடுவில் ரப்பர் வளையம். அதை முதலில் இறுக்கி மேனிஃபோல்டை முன்னால் இழுத்த பிறகுதான் மற்ற போல்ட்டுகள். மாற்றிச் செய்தால் அந்த வளையம் ஒழுகிக்கொண்டே இருக்கும். பின் மெயின் சீல் அசலில் கயிறு. அதைப் பதமாக உருட்டி வெட்டும் கைப்பழக்கம் இல்லையென்றால் இரண்டு துண்டு ரப்பர் சீல் போடுங்கள்.

அடியும் மின்சாரமும்

முன் காயில் ஸ்பிரிங் சுருங்கிய நிலையில் ஒரு பீரங்கி. உள்ளே நுழையும் வகை கம்ப்ரெசர், அதற்கு மேல் ஒரு பாதுகாப்புச் சங்கிலி, இரண்டும் இல்லாமல் பால் ஜாயின்ட்டைத் தளர்த்தாதீர்கள். கன்ட்ரோல் ஆர்ம் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதத்தில் கிழியும். மன்சி நான்கு கியர் பெட்டிக்கு ஜி.எல்.4 தர 80டபிள்யூ-90 எண்ணெய். சேஃப்-டி-டிராக் டிஃபரன்ஷியல் என்றால் அதற்கான சேர்க்கைத் திரவமும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் திருப்பத்தில் முனகும். பெட்ரோல் ஹோஸ்களெல்லாம் எத்தனால் தாங்கும் 30ஆர்7 அல்லது 30ஆர்9 தரத்தில் இருக்கட்டும். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறிக் கரைந்து கார்புரேட்டர் ஊசியில் போய் நிற்கும்.

ஒட்டுப்போட்ட பழைய ஒயரிங்கைச் சீர்செய்ய உட்காராதீர்கள். முழு ஹார்னஸ் அசல் நிறங்களோடு கிடைக்கிறது. புது ஒயரிங்கில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு எர்த். நீங்கள் அழகாக அடித்த பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. வோல்டேஜ் ரெகுலேட்டர் மாட்டும் இடம், எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவிலுள்ள பட்டை, பின்விளக்குக் கூடுகள் ஆகிய இடங்களில் பெயின்டைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொட வையுங்கள். ரெகுலேட்டருக்கு எர்த் கிடைக்காவிட்டால் ஆல்டர்னேட்டர் கட்டுப்பாடின்றிச் சார்ஜ் செய்து பேட்டரியைக் கொதிக்க வைக்கும். முதல் முறை பேட்டரி இணைக்கும்போது நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு பழைய பிரேக் விளக்கு பல்பை வையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்ப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட். ஒயர் எரிவதற்குப் பதில் பல்ப் எரிந்து சொல்லிவிடும்.

பெயின்ட்

புட்டி எபாக்சிக்கு மேல், 1/8 அங்குலத்துக்கு மிகாமல். அதற்கு மேல் தேவைப்பட்டால் தகரம் இன்னும் தட்டப்பட வேண்டும். 80, 180 எண் உப்புத்தாள், பிறகு சர்ஃபேசர் பிரைமர், 320, கடைசியாக 400 முதல் 600 ஈரத்தில். கைக்குள் உப்புத்தாளை மடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாகப் பதியும், வெயிலில்தான் தெரியும். நீளக் கட்டையில் வைத்துக் குறுக்காகத் தேயுங்கள். கருப்புப் பொடி மெலிதாக அடித்துத் தேய்த்தால் பள்ளத்தில் கருப்பு நிற்கும். எல்லாப் பலகைகளையும் ஒரு முறை வண்டியில் மாட்டி, இடைவெளியைச் சுமார் 3/16 அங்குலத்துக்குச் சரிசெய்த பிறகு கழற்றி அடியுங்கள்.

மேல் கிளியர் கோட்டை மட்டும் வெளியே கொடுத்துவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். இரண்டு பாகம் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண கரி மாஸ்க்கை நம்பி அடிப்பது சரியல்ல, வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுள் முழுக்க மூச்சுத் தொல்லை. தயாரிப்பு வேலை முழுவதையும் வீட்டில் முடித்துக் கொடுத்தால் செலவின் பெரும்பகுதி மிச்சம். அசல் பெயின்ட் பெரும்பாலும் நன்றாக இருந்தால், சின்னக் கீறலும் மங்கலும் மட்டுமென்றால், அடிக்கவே வேண்டாம். தாத்தா அடித்த மெழுகின் கீழுள்ள அந்தப் படலம் ஒரே முறைதான் அசலாக இருக்க முடியும்.

முதல் முறை ஸ்டார்ட்

எஞ்சின் வண்டியில் ஏறிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டுமுன் அதன் ஓட்டை வழியே ஆயில் பம்பைச் சுற்றி எண்ணெய் ஏற்ற வேண்டும். டிரில்லில் மாட்டும் தண்டு இதற்கென்றே விற்கிறது. போன்டியாக் டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், ஆகவே டிரில் ரிவர்ஸில். பிரஷர் மானியில் ஊசி ஏறிய பிறகும் இன்னொருவர் கிராங்கைக் கையால் மெல்லத் திருப்ப, எல்லா ராக்கரிலும் எண்ணெய் கசியும்வரை ஓட்டுங்கள்.

ஓட்டுநர் பக்கச் சிலிண்டர்கள் முன்னிருந்து 1, 3, 5, 7. பயணி பக்கம் 2, 4, 6, 8. தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2, கேப்பில் எதிர்கடிகாரமாக. பிளக் இடைவெளி 0.035 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.016. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கேப்பிலுள்ள சிறு ஜன்னலைத் தூக்கி 1/8 அங்குல ஆலன் சாவியால் பாயின்ட் திருகைத் திருப்பி டுவெல்லை, அதாவது பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை, 30 டிகிரிக்கு வையுங்கள். டுவெல் மீட்டர் இல்லையா, எஞ்சின் தடுமாறும்வரை திருப்பி அரைச் சுற்று பின்னால் விடுங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங்கை, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு 6 டிகிரி முன்னதாக வையுங்கள்.

புது கேம், புது லிஃப்டர் என்றால் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடம், வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டால் கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது, முதல் சில நிமிடத்திலேயே முனை தேய்ந்துவிடும். துத்தநாகமும் பாஸ்பரஸும் மிகுந்த பிரேக்-இன் எண்ணெய் ஊற்றுங்கள். இன்றைய கார் எண்ணெய்களில் அவற்றைக் குறைத்துவிட்டார்கள். முதல் நொடியிலிருந்தே நிறுத்தாமல் ஓட்ட வேண்டியிருப்பதால், ஸ்டார்ட்டுக்கு முன்பே பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்திருக்க வேண்டும், கூலன்ட் நிறைந்திருக்க வேண்டும், ஒருவர் தீயணைப்பானோடு பக்கத்தில் நிற்க வேண்டும். இருபது நிமிடம் முடியுமுன் எங்காவது ஒழுகினால் தயங்காமல் அணைத்து, சரிசெய்து, மீதி நிமிடங்களைத் தொடருங்கள்.

அந்த எண்ணெயை அன்றே வடித்து, வடிகட்டியை வெட்டி விரித்துப் பாருங்கள். சாம்பல் பசை இருந்தால் சாதாரணம். மினுங்கும் செதில்கள் இருந்தால் பேரிங் கேப்பைத் திறந்து பாருங்கள், சாலைக்கு எடுக்காதீர்கள். முதல் பயணம் வீட்டைச் சுற்றி ஐந்து மைல், இரண்டாவது இருபது. சூடான நிலையில் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் குறைந்தது 10 பவுண்டு ஆயில் பிரஷர் என்பது பழைய கைக்கணக்கு. ஐம்பது மைலில் சக்கர நட்டுகளையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். ஐந்நூறில் இரண்டாவது எண்ணெய் மாற்றம். அதுவரை கால் முழுதாக அழுத்த வேண்டாம், ஆனால் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையிலும் ஓட்ட வேண்டாம். ரிங்குகள் உட்கார, ஏற்றி இறக்கி ஓட்டுவதே நல்லது.